கொழும்பிலிருந்து வயல்வெளிக்குப் போய்ச் சூரிய உதயம் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு மாடிக்குடியிருப்பில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் போயா நாட்களிலும் இருட்டோடு வெளிக்கிட்டு, பாதுக்கைப் பக்கம் ஒரு வயல்வெளியில் விடிவதைப் பார்த்துவிட்டு, காலைச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவது என் பழக்கம். லிஃப்டில் காண்கிறவர்களும் சொந்தக்காரர்களும் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது விடுபட்டுப் போகிறது. அதனால் அவரவர் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டு, பதில்களை எழுதி வைக்கிறேன்.

கொழும்பிலேயும் சூரியன் உதிக்குதுதானே, இதுக்கு ஏன் கிராமத்துக்குப் போக வேணும்?

உதிக்கிறது, ஆனால் நாம் அதைக் காண்பதில்லை. கொழும்பின் கடல் மேற்கே இருக்கிறது. காலிமுகத்திடலிலும் வெள்ளவத்தைக் கடற்கரையிலும் நாம் பார்த்துப் பழகியது சூரியன் மறைவதைத்தான். கிழக்குப் பக்கம் முழுக்கக் கட்டிடம். மொட்டை மாடியில் நின்றால்கூட, சூரியன் அடுத்த மாடிக்கு மேலே எட்டிப் பார்க்கும்போது கண்கூசும் வெள்ளையாகிவிடும்.

வயல்வெளியில் இரண்டு விஷயம் கிடைக்கும். ஒன்று, மறைப்பில்லாத வானம். மற்றது, அந்த மங்கல் வெளிச்சம் விழுவதற்குத் தண்ணீரும் பனியும் புல்லும். விடியல் வானத்தில் நடப்பதில் பாதிதான், மீதிப் பாதி தரையில் நடக்கிறது. நகரத்தில் தெருவிளக்கு அந்தப் பாதியை விழுங்கிவிடுகிறது.

எத்தனை மணிக்கு உதிக்கும்? ஆறு மணிதானே?

ஏறக்குறைய. மே மாதக் கடைசியில் 5.53 அளவில் உதிக்கும், வருடத்திலேயே முந்திய உதயம் அதுதான். ஜனவரி கடைசியிலும் பெப்ரவரி தொடக்கத்திலும் ஆறரையை நெருங்கிவிடும். சித்திரைப் புத்தாண்டளவில் 6.03, நவம்பர் தொடக்கத்தில் ஆறுக்குச் சற்று முன். ஆக, வருடம் முழுக்கப் பார்த்தாலும் வித்தியாசம் 35 நிமிடம்தான். மட்டக்களப்பு நமக்குக் கிழக்கே இருப்பதால் அங்கே ஏழு நிமிடமளவில் முந்தி விடியும்.

“முந்தி ஏழு மணிக்குத்தான் விடிஞ்சது” என்று வயதானவர்கள் சொன்னால் அது மறதி இல்லை. 1996இல் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள், அதே வருடம் அரை மணித்தியாலம் குறைத்தார்கள், 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். இடைப்பட்ட அந்தப் பத்து வருடமும் ஜனவரி கடைசியில் ஏழு மணியளவில்தான் சூரியன் வந்தது.

அப்ப ஆறு மணிக்கு அங்க நிண்டா சரிதானே?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். சரியில்லை. உதய நேரத்துக்கு முக்கால் மணித்தியாலம் முந்தியே அங்கே நிற்க வேண்டும். வந்தவர்களில் “பெரிசா ஒண்டும் இல்லையே” என்று சொன்னவர்கள் எல்லாருமே சூரியன் வரும் நேரத்துக்குச் சரியாக வந்தவர்கள். வட்டம் முழுதாக மேலே வர இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூட எடுக்கும், அவ்வளவுதான். அதற்கு முந்திய அரை மணிதான் விடியல்.

நான் நிற்கிற வரம்புக்குப் பக்கத்தில், வயலோரத்து வீட்டு வேலியில் ஒரு செவ்வரத்தை நிற்கிறது. ஐந்தரைக்குப் பார்த்தால் பூ தனிக் கறுப்பு. இலை அதைவிட வெளுப்பாக, சாம்பல் பச்சையாகத் தெரியும். மங்கல் வெளிச்சத்தில் நம் கண் பச்சையையும் நீலத்தையும் முந்திப் பிடிக்கும், சிவப்புக் கடைசியில்தான் வரும். பத்து நிமிடத்தில் அந்தக் கறுப்பு உலர்ந்த இரத்தத்தின் நிறமாகும். அப்புறம் ஒரு கட்டத்தில், எப்போது என்று பிடிக்கவே முடியாதபடி, பூ சிவந்து நிற்கும். அப்போதும் சூரியன் வந்திருக்காது. ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் கண்ணை எடுக்காமல் பார்த்திருக்கிறேன், மாறுகிற நொடியை இன்னும் பிடிக்கவில்லை.

அதே நேரத்தில் சத்தமும் மாறும். முதலில் தவளையும் சில்வண்டும். பிறகு குண்டுகரிச்சான் பாடத் தொடங்கும், எங்கோ ஒரு செம்பகம் அடித்தொண்டையில் கூப்பிடும். கொக்குகள் வெள்ளையாகத் தெரியத் தொடங்கினால், இனி அதிக நேரம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்க போறது? எங்களிட்ட கார் இல்லை.

முதல் தடவை என்றால் தலங்கம வாவிக்குப் போங்கள். பத்தரமுல்லைக்கு அப்பால், நகரத்திலிருந்து சுமார் 10 கிலோமீற்றர். குளமும் அதைச் சுற்றி வயலுமாக இருக்கும், கரையோடு பாதை போகிறது. அதிர்ஷ்டம் இருந்தால் கறுப்பு முகமும் வெளிறிய தாடியுமாக மந்திகள் மரத்தில் விழித்து உட்கார்ந்திருக்கும். கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவலைக்குப் போகிற 177 பஸ் அந்தப் பக்கமாகத்தான் போகிறது. ஆனால் விடியலைப் பிடிக்கப் பஸ்ஸை நம்ப வேண்டாம். தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரிடம் முதல்நாளே பேசி வைத்து, அவரையே அங்கே நிறுத்தித் திரும்பி வருவதுதான் நிம்மதி. மூன்று பேர் சேர்ந்தால் செலவும் பெரிதாகத் தெரியாது.

உண்மையான கிராமம் வேண்டுமென்றால் ஹைலெவல் வீதியில் ஹோமாகம தாண்ட வேண்டும். ஹோமாகம சுமார் 25 கிலோமீற்றர். அதற்கு அப்பால் மீகொட, பாதுக்க, ஹங்வெல்ல என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இறப்பர்த் தோட்டங்களுக்கும் தென்னைக்கும் நடுவில் வயல் கிடக்கும். நாலரைக்கு வீதி வெறுமையாக இருக்கும், வெள்ளவத்தையிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். பெண்கள் தனியாகப் போவதென்றால் தலங்கம போன்ற பாதையோர இடத்தைத் தெரிவு செய்யுங்கள், இரண்டு மூன்று பேராகப் போங்கள்.

இடத்தை ஒருநாள் பகலில் போய்ப் பார்த்து வைப்பது நல்லது. கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிற வயலாகப் பார்த்து, அதன் மேற்கு ஓரத்தில் நில்லுங்கள். முழு வயலும் உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் இருக்கும்.

நீங்க சொன்ன நேரத்துக்குச் சூரியனைக் காணேல்லையே?

மேலே சொன்ன நேரம் தட்டையான அடிவானத்துக்கு உரியது. மேல் மாகாணத்து வயல்கள் இரண்டு மேடுகளுக்கு நடுவில் கிடப்பவை, கிழக்கே மரவரிசை கட்டாயம் இருக்கும். அதற்கு மேலே ஏறி வரச் சூரியனுக்கு நேரம் வேண்டும்.

எவ்வளவு நேரம் என்று கையாலேயே கணக்குப் பார்க்கலாம். கையை முழுக்க நீட்டிப் பெருவிரலைக் கிடையாகப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 2 பாகை. நம் நாட்டில் சூரியன் ஒரு பாகை ஏற நான்கு நிமிடமளவு. ஆகவே ஒரு பெருவிரல் உயர மரத்துக்கு எட்டு நிமிடம், இரண்டு பெருவிரலுக்குப் பதினாறு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். பொத்திய கை 10 பாகை, அதாவது நாற்பது நிமிடம். அவ்வளவு உயர்ந்த மரம் முன்னால் நின்றால் இடத்தை மாற்றுங்கள்.

எந்த மாதம் நல்லது?

டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரை. தென்மேற்குப் பருவமழை இல்லாத காலம், இரவு வானம் தெளிவாக இருக்கும், காற்று அசையாது. அப்படிப்பட்ட இரவில் தரை தன் சூட்டை வேகமாக இழக்க, வயலுக்கு மேலே முழங்கால் உயரத்தில் மூடுபனி படியும். அந்தக் காலம் பெரும்போகமும்கூட. ஜனவரியில் பயிர் பச்சை, பெப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் கதிர் மஞ்சள். தண்ணீர் நிறைந்த வயலில் வானம் அப்படியே கிடப்பதைப் பார்க்க ஆசையென்றால், விதைக்கவோ நடவோ உழுது விட்டிருக்கிற நேரமாக, ஒக்டோபர், நவம்பர் அளவில் போங்கள். அந்த மாதங்களில் மழை பெரும்பாலும் பின்னேரத்தில் இடியோடு வரும், காலைகள் பல நேரம் கழுவி விட்டதுபோல இருக்கும்.

மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை நிச்சயம் சொல்ல முடியாது.

இரவு மேகமா இருந்தா திரும்பிப் படுக்கலாமா?

படுக்காதீர்கள். துப்புரவான வானத்தில் நிறம் குறைவு. உயரத்தில் பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல மெல்லிய மேகம் இருந்தால்தான் வானம் முழுக்கச் சிவக்கும், ஏனென்றால் கீழேயிருந்து வரும் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ள அங்கே ஏதாவது இருக்க வேண்டும். உதயத்தில் சூரிய வெளிச்சம் நண்பகலைவிட முப்பது மடங்குக்கு மேல் காற்றைக் கடந்து வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிப்போக, சிவப்பும் மஞ்சளும்தான் நம்மிடம் வந்து சேரும்.

கனத்த சாம்பல் மேகம் வானத்தை முழுக்க மூடி, தூறலும் போட்டால் மட்டும் அந்த நாளை விட்டுவிடலாம். அப்படியான நாளிலும் நான் போயிருக்கிறேன். செவ்வரத்தை அன்றும் சிவந்தது.

வயலுக்குள்ள பாம்பு, அட்டை எல்லாம் இருக்குமே?

இருக்கும். எலியைத் தேடிப் பாம்பு வரம்புக்கு வருவது இயல்பு. அதனால் இருட்டில் வரம்பில் நடக்க வேண்டாம், பாதையோரத்தில் நின்றாலே எல்லாம் தெரியும். நடந்துதான் ஆக வேண்டுமென்றால் டோர்ச், மூடிய சப்பாத்து, நீளக் காற்சட்டை. மழை பெய்த மறுநாள் புல்லுக்குள் போனால் அட்டை ஏறும், அதனால் பயப்பட ஒன்றும் இல்லை. நுளம்பு எண்ணெய் பூசிக்கொள்ளுங்கள், டெங்கு நுளம்பு விடியற்காலையிலும் கடிக்கும்.

நான் உண்மையில் பயப்படுவது எலிக்காய்ச்சலுக்கு. காலில் புண்ணோ கீறலோ இருக்கும்போது வயல் தண்ணீரில் இறங்கினால் அந்தக் கிருமி உள்ளே போகலாம். மேல் மாகாணத்தில் அது அரிய நோய் அல்ல. படத்துக்காகச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கும் பிள்ளைகளை நான் தடுத்துவிடுவேன். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தசை நோவும் வந்தால், வயலுக்குப் போனதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அங்க இருக்கிற சனம் ஏதும் சொல்லாதா? எங்களுக்குச் சிங்களமும் பெரிசா வராது.

“இர பாயனவா பலன்ன ஆவே” என்று சொன்னால் போதும், சூரியன் உதிப்பதைப் பார்க்க வந்தோம் என்று அர்த்தம். முதல் நாள் ஒரு பெரியவர் மண்வெட்டியோடு வந்து என்னிடம் விசாரித்தார். இதைச் சொன்னேன். ஒரு கணம் கிழக்கே திரும்பிப் பார்த்தார், பிறகு நான் நின்ற இடத்தைவிட நல்ல இடம் ஒன்றுக்குத் தானே கூட்டிப்போனார். இன்றுவரை நான் நிற்பது அந்த இடத்தில்தான்.

ஆனால் அது அவர்களுடைய வேலைத்தலம் என்பதை மறக்கக் கூடாது. வரம்பை மிதித்து உடைத்தால் தண்ணீர் ஓடிவிடும். உழவு இயந்திரம் போகிற பாதையில் வாகனத்தை விடாதீர்கள். கிணற்றடியில் குளிப்பவர்கள் பக்கம் கமராவைத் திருப்பவே கூடாது. பாட்டுப் போடாதீர்கள்.

பிள்ளைகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

தாராளமாக. தலங்கமவில் வாகனத்திலிருந்து இறங்கி நாலு அடி வைத்தால் போதும். மடக்குக் கதிரை ஒன்று, போத்தலில் இஞ்சித் தேத்தண்ணி, தோளில் போட ஒரு துவாய். பிள்ளைகளுக்குப் பார்க்க ஒரு வேலை கொடுங்கள்: சிவப்பாக ஏதாவது ஒன்றைக் காட்டி, அது எப்போது சிவப்பாகிறது என்று சொல்லச் சொல்லுங்கள். திரும்பி வரும் வழியில் கடையில் இலைக்கஞ்சியும் கித்துள் கருப்பட்டியும் வாங்கிக் கொடுத்தால் அடுத்த முறை அவர்களே எழும்புவார்கள்.

வெறும் கண்ணால சூரியனைப் பார்க்கலாமா?

அடிவானத்தில் மங்கிய சிவப்பாக, கண் கூசாமல் இருக்கும்போது ஒரு கணம் பார்ப்பதோடு நிறுத்துங்கள். கூசத் தொடங்கியதும் பார்வையை எடுத்துவிட வேண்டும். மரவரிசைக்கு மேலே வருகிற சூரியன் அந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வரும், ஆகவே வயல்வெளியில் பெரும்பாலும் நேரே பார்க்கவே கூடாது. தொலைநோக்கியாலோ பெரிய லென்ஸ் கமராவின் கண்ணாடி வழியாகவோ எந்தக் கட்டத்திலும் பார்க்காதீர்கள். விழித்திரை சுடும்போது வலி தெரியாது, சேதம் தங்கிவிடும்.

உதயத்துக்குப் பத்து நிமிடம் முன்பு, கிழக்கை விட்டு மேற்கே திரும்பிப் பாருங்கள். அடிவானத்தை ஒட்டிச் சாம்பல் நீலமாக ஒரு பட்டி, அதற்கு மேல் இளஞ்சிவப்பாக இன்னொன்று. கீழே இருக்கும் நீலம் பூமியின் நிழல். சூரியன் ஏற ஏற அது கீழே இறங்கி மறையும். பலர் இதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, நானும் நெடுநாள் பார்க்கவில்லை.

போனில எடுத்தா ஏன் வெள்ளைப் பொட்டாத்தான் வருது?

போன் வயலின் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. திரையில் வானத்தைத் தொட்டு, விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். சூரியன் வருமுன் எடுக்கிற படங்கள்தான் நன்றாக வரும்.

லண்டனில விடியல் இழுத்துக்கொண்டே போகும். இங்க ஏன் டக்கெண்டு விடியுது?

விடுமுறைக்கு வந்த என் தங்கையின் கேள்வி இது. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில், 7 பாகையில் இருக்கிறோம். இங்கே சூரியன் ஏணி ஏறுவதுபோல ஏறக்குறைய நெட்டுக்குத்தாக மேலே வரும். லண்டனில் அது சரிவில் ஏறுவதுபோலச் சாய்ந்து வருவதால், அடிவானத்துக்குக் கீழேயே நெடுநேரம் நகர்கிறது. பத்திரிகை வாசிக்கக்கூடிய வெளிச்சம் வந்ததிலிருந்து உதயம் வரை இங்கே 22 நிமிடமளவு. லண்டனில் ஜூன் மாதத்தில் அது முக்கால் மணித்தியாலத்துக்கு மேல்.

அதனால்தான் முந்திப் போகச் சொல்கிறேன். அங்கே பிந்திப் போனாலும் மிச்சம் இருக்கும், இங்கே இருக்காது.

சிவனொளிபாத மலைக்குப் போனாத்தானே உண்மையான உதயம்?

ஒருமுறை கட்டாயம் போக வேண்டும். கோட்டையிலிருந்து ஹற்றனுக்கு ரயில், அங்கிருந்து நல்லதண்ணிக்குப் பஸ், பிறகு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். உயரம் 2,243 மீற்றர். டிசம்பர்ப் போயாவிலிருந்து வெசாக் வரை யாத்திரைக் காலம். சூரியன் வந்ததும் மலையின் நிழல் மேற்கே முக்கோணமாக விழுவதை மறக்க முடியாது. ஆனால் அது வருடத்துக்கு ஒருமுறை செய்கிற பயணம், மேலே ஏறியதும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரே வேலி, ஒரே மரம், ஒரே குளம் வாரத்துக்கு வாரம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது வேறு வகை. எனக்கு அதுதான் பெரிது.

அந்த மலையைக் கொழும்பிலிருந்தே பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. மழை ஓய்ந்து தெளிந்த காலையில், உயர்ந்த மாடியிலிருந்து கிழக்கே பார்த்தால், சுமார் 70 கிலோமீற்றருக்கு அப்பால் அந்தக் கூம்பு தனியாகத் தெரியும். பெப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்தில் சூரியன் ஏறக்குறைய அதே திசையில்தான் வருகிறது.

போயா நாளில போகச் சொல்றீங்களே, ஏன்?

விடுமுறை என்பது ஒரு காரணம். மற்றது நிலா. பூரணை நிலா சூரியனுக்கு நேர் எதிரே இருப்பதால், கிழக்கே சூரியன் வருகிற நேரத்தை ஒட்டியே அது மேற்கே இறங்கும். வயலின் இரண்டு முனையிலும் இரண்டு வட்டங்கள். விகாரையிலிருந்து பிரித் ஓதும் சத்தம் தூரத்தில் கேட்கும்.

விடிவெள்ளியைக் காணேல்லையே? முந்தி ஊரில ஒவ்வொரு நாளும் தெரியும்.

அது வெள்ளிக் கிரகம். எட்டு ஒன்பது மாதமளவு காலையில் தெரியும், பிறகு சூரியனுக்குப் பின்னால் போய், மாலை வானத்தில் வரும். ஒரு சுற்று முடிய 584 நாட்கள். காலையில் காணவில்லையென்றால் பின்னேரம் கடற்கரையில் மேற்கே தேடிப் பாருங்கள்.

தைப்பொங்கலோட சூரியன் வடக்க திரும்புது எண்டு சொல்றாங்க. அப்ப தையில ஏன் இன்னும் பிந்தி விடியுது?

இரண்டு கேள்வி இதற்குள் இருக்கிறது. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல். தை முதல் நாள் சூரியன் மகர ராசிக்குள் போவதை வைத்துக் கணிப்பது. சுமார் 1700 வருடங்களுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் வந்தன. பூமியின் அச்சு மெதுவாகத் தலை சுற்றுவதால், 70 வருடமளவுக்கு ஒரு நாள் வீதம் விலகி, இன்று மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி.

இனி உதயம். டிசம்பர் 22இல் கொழும்பில் 6.17 அளவில் விடிகிறது, பொங்கலன்று 6.27 அளவில். பகல் நீள்கிறது, ஆனால் நம் நாட்டில் மிகக் கொஞ்சம், ஜனவரி கடைசி வரைக்கும் ஐந்தாறு நிமிடம்தான். அதே காலத்தில் சூரியன் உச்சிக்கு வரும் நேரமே பதினான்கு நிமிடமளவு பிந்திவிடுகிறது. ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், வேகமாக ஓடுவதும், அதன் அச்சுச் சாய்ந்திருப்பதும் இதற்குக் காரணம். பகல் முழுதாகப் பின்னுக்கு நகர்வதால் உதயமும் பிந்துகிறது, அஸ்தமனமும் பிந்துகிறது.

திரும்பியதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. டிசம்பர் 22 அளவில் ஒரு இடத்தில் நின்று, சூரியன் எந்தத் தென்னைக்கு நேரே வருகிறது என்று பார்த்து வையுங்கள். பொங்கலன்று அதே இடத்தில் நின்று கையை நீட்டுங்கள். அந்தத் தென்னைக்கு இடப்பக்கம், ஒரு பெருவிரல் அகலம் தள்ளி வந்திருக்கும்.